பருவத்துக்கு ஓர் இருட்டறை



மயூர் விஹாரில் கோடைக்கால அந்தியில் மொட்டைமாடிக்குப் போனால், தெருவிளக்கைச் சுற்றிச் சின்னஞ்சிறு வௌவால்கள் பூச்சி பிடிப்பதைப் பார்க்கலாம். மார்கழிக் குளிரில் அவை அபூர்வம். எங்கே போயின என்று குழந்தைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. தில்லியில் அதற்கு விடை தேட, யமுனையைத் தாண்டிப் பழைய கோட்டைகளுக்குப் போக வேண்டும்.

1321 வாக்கில் கியாசுதீன் துக்ளக் கட்டத் தொடங்கிய துக்ளகாபாத் கோட்டை போன்ற இடிபாடுகளின் இருட்டில் எலிவால் வௌவால்கள் வாழ்கின்றன. எலிக்கு இருப்பதுபோலவே மெல்லிய, நீண்ட வால். பெரியது, சிறியது என்று நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள் வட இந்தியாவில் உண்டு. பெரியதற்கு 1782-லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார்கள். சிறியது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஹார்ட்விக்கின் பெயரால் 1831-இல் பதிவானது. உடம்பில் சிறியதற்குத்தான், அதன் முன்கையோடு ஒப்பிட்டால், வால் நீளம்! இனம் பிரிக்க ஆய்வாளர்கள் அதைத்தான் அளந்து பார்க்கிறார்கள்.

இரண்டும் வெப்பமான வறண்ட நாட்டுப் பிராணிகள். அதனால் தில்லிக் குளிர் அவற்றுக்குப் பெரிய சோதனை. ஜனவரி இரவில் வெப்பம் 4, 5 டிகிரிக்கு இறங்கிவிடும், பூச்சியும் கிடைக்காது. எனவே மழைக்காலம் முடிந்ததும் வயிறாரத் தின்று, அடிவயிற்றிலும் வாலடியிலும் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. பிறகு காற்று புகாத, வெதுவெதுப்பான மூலையாகப் பார்த்து ஒடுங்கிவிடுகின்றன. கோடையில் தங்கிய அறை வேறு, குளிரில் தங்கும் அறை வேறாக இருக்கலாம். மழைக்காலத்தை ஒட்டிக் குட்டி போடும் தாய்களுக்கு வேண்டிய இடமும் தனி. வருஷத்துக்கு ஒரே குட்டிதான் என்பதால், ஓர் ஈற்று குலைந்தால் அந்த வருஷமே போயிற்று.

இவற்றின் குளிர்கால ஒடுக்கத்தை நுட்பமாகக் கவனித்தவர்கள் இஸ்ரேல் ஆய்வாளர்கள். கலிலேயக் கடல் அருகே, பூமிச் சூட்டால் வெதுவெதுப்பான குகைகளில், நம்முடைய பெரிய எலிவாலும், சிறியதற்கு மிக நெருங்கிய இன்னோர் இனமும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை உறங்குவதை 2015-இல் வெளியிட்டார்கள். குகையின் வெப்பம் சுமார் 20 டிகிரி. குளிர்கால உறக்கம் என்றால் சில்லென்ற குகை வேண்டும் என்றுதான் அதுவரை பொதுவாக நினைத்திருந்தார்கள். அந்த வெதுவெதுப்பிலும் இவை கால்மணி நேரத்துக்கு ஒரு மூச்சு, சில சமயம் அதைவிடவும் இடைவெளி விட்டு, மாதக்கணக்கில் உணவில்லாமல் கிடந்தன. எனக்கு இதைப் படித்தபோது பிரமிப்பாக இருந்தது.

இங்கேதான் என் கவலை. மே மாதத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு நிலவறையைப் பார்த்து, "இதில் ஒன்றுமில்லை" என்று மராமத்து செய்பவர்கள் வாசலைக் கல்வைத்து அடைத்துவிட்டால், நவம்பரில் திரும்பி வரும் கூட்டத்துக்கு வேறு போக்கிடம் இருக்காது. வெதுவெதுப்பும் இருட்டும் ஒருசேரக் கிடைக்கும் அறைகள் சொற்பம். ஒடுங்கிக் கிடப்பவற்றின் மேல் டார்ச் அடித்து எழுப்புவதும் கொடுமை. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் சேமித்த கொழுப்பு கரையும். வசந்தம் வருவதற்குள் தீர்ந்துவிட்டால் சாவுதான்.

கோட்டைகளைப் பழுதுபார்ப்பவர்கள், ஓர் அறையை மூடுமுன் அதைக் கோடையில் ஒருமுறை, குளிரில் ஒருமுறை பார்க்க வேண்டும். கட்டாயம் அடைக்க வேண்டிய இடத்தில் வௌவால் நுழையும் அளவுக்குத் திறப்பு விட்டுவைப்பது பெரிய செலவில்லை. நேயர்களே, இந்தக் குளிர்காலத்தில் குழந்தைகளோடு கோட்டை பார்க்கப் போனால், இருட்டறை வாசலோடு நின்றுவிடுங்கள். விளக்கு அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள்.