முத்திரை மட்டும் போதுமா?

(கோந்த்வா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கோந்த்வாவுக்கு ஏற்ற விஷயம் ஒன்றை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரிசர்வ் வங்கி 1969-இல் தொடங்கிய தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம், என்.ஐ.பி.எம்., இங்கேதான் இருக்கிறது. இந்த சபையிலும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் பலர். புனேயில் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் பலர். இரு சாராருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. இன்னொருவர் எழுதியதைச் சரிபார்ப்பதுதான் அது.

"பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால், "டெஸ்டிங்ல இருக்கான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிற பெற்றோர் உண்டு. அவர்களுக்காகவும், ஓய்வுக்காலப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருக்கும் பெரியவர்களுக்காகவும் இதைப் பேசுகிறேன்.

நம் ஃபண்ட் மேனேஜர் பங்கு வாங்கத் தீர்மானித்தால், அந்த உத்தரவு கம்ப்யூட்டர் செய்தியாகத் தரகருக்குப் போகிறது. அந்தக் காலத்தில் டெலிபோனில் சொல்வார்கள். தவறாகக் காதில் விழும். 1992-இல் அமெரிக்காவில் ஃபிடெலிட்டியும் சாலமன் பிரதர்ஸும் தங்களுக்குள் இதற்கென ஒரு பொது மொழி வகுத்துக்கொண்டார்கள். அதுதான் ஃபிக்ஸ், 'ஃபைனான்ஷியல் இன்ஃபர்மேஷன் எக்ஸ்சேஞ்ச்' என்பதன் சுருக்கம். இன்று உலகம் முழுவதும் புழங்குகிறது.

இதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண். 54 என்ற இடத்தில் 1 இருந்தால் வாங்கு, 2 இருந்தால் விற்பனை. 38 என்பது எத்தனை பங்கு, 44 என்பது என்ன விலை. கடைசியில் 10 என்ற இடத்தில், செய்தியின் எழுத்துகளை எல்லாம் எண்களாகக் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதி வரும். வவுச்சரில் டோட்டல் டாலி ஆகிறதா என்று பார்த்த வங்கி அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பொது மொழி இருக்கிறதே, பிறகு சோதனை எதற்கு என்று கேட்கலாம். தமிழ் ஒன்றுதான், பாலக்காட்டிலும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பேசுவது ஒரே மாதிரியா? ஃபிக்ஸிலும் அப்படித்தான். அவரவர் சொந்தமாகச் சேர்த்துக்கொள்ள எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. போதாதற்குச் சந்தைகள் பலவற்றுக்குத் தனிச் செய்தி வடிவமும் உண்டு. ஆகவே புதிதாக ஒருவருடன் இணையும் ஒவ்வொரு முறையும் சோதித்து, சரி என்று சான்று பெற்ற பிறகுதான் நிஜ வர்த்தகம்.

அந்தச் சோதனையின் உயிர், நல்ல செய்தி ஒழுங்காகப் போகிறதா என்பதில் இல்லை. கோளாறு வந்தால் என்ன ஆகிறது என்பதில்தான். இன்வர்ட் ரிஜிஸ்டர் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்: 17-ஆம் எண் கடிதத்துக்கு அப்புறம் 19 வந்தால், 18 எங்கே என்று கேட்போம். ஃபிக்ஸும் அப்படியே கேட்கும். ஆனால் அந்த 18, பத்து நிமிஷத்துக்கு முந்தைய 'வாங்கு' உத்தரவாக இருந்தால்? விலை மாறியிருக்கும். மறுபடி அனுப்பலாமா, விட்டுவிடலாமா? 'ரத்து செய்' என்ற செய்தி போய்ச் சேருவதற்குள் பாதிப் பங்கு விற்றிருந்தால்? இவற்றை எல்லாம் முன்கூட்டியே யோசித்து, வேண்டுமென்றே லைனைத் துண்டித்துப் பார்ப்பவர்தான் டெஸ்டர்.

இவ்வளவு செய்தும் முத்திரைக்கு ஒரு எல்லை உண்டு. 2012-இல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி, அமெரிக்காவின் நைட் கேபிடல். புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் ஏற்றவில்லை. புதிய வேலைக்காக அவர்கள் எடுத்துக்கொண்ட குறியீடு, அந்த எட்டாவது சர்வரில் கிடந்த பழைய மென்பொருளுக்கு வேறு அர்த்தம் தந்தது. 45 நிமிஷத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வர்த்தகங்கள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு வருஷமே அது வேறொரு நிறுவனத்துடன் இணைய நேர்ந்தது.

அக்டோபர் 5, நம் மும்பை தேசியப் பங்குச் சந்தை. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 59 தவறான உத்தரவுகள், 650 கோடி ரூபாய்க்கு மேல் வர்த்தகம். நிஃப்டி கண நேரத்தில் சுமார் 900 புள்ளிகள் சரிந்து, வர்த்தகம் சிறிது நேரம் நின்றது. செய்தியின் இலக்கணத்தில் பிழை இல்லை; போட்ட அளவில்தான் பிழை. இலக்கணத்தைச் சோதித்துத் தரும் சான்று இதைத் தடுத்திருக்காது. வேறொரு செக்கிங் வேண்டும். கிளார்க் எழுதியதை ஆபீஸர் பாஸ் செய்கிற மாதிரி, இவ்வளவுக்கு மேல் போகாதே என்று நிறுத்தும் வரம்பு வேண்டும்.

2013 ஆகஸ்டில் செபி, தரகர்களின் வர்த்தக மென்பொருளைச் சோதிப்பதற்கு விரிவான விதிகள் வகுத்தது. மாதிரிச் சூழலில் சோதனை, சந்தையுடன் மாதிரி வர்த்தகம், பயன்படுத்துவோர் சோதனை, பிறகு சந்தையின் அனுமதி. சனிக்கிழமை ஆபீஸ் போகும் மருமகளிடம் கேளுங்கள், "மாக் ட்ரேடிங்" என்பாள். அது இதுதான்.

தொழில் துறைக்கு இதில் அக்கறை வந்ததற்குச் செலவும் ஒரு காரணம். இருபது பேருடன் இணைந்தால் இருபது தடவை சோதனை. அதனால் அவரவர் வட்டார வழக்கைக் கம்ப்யூட்டரே படிக்கும்படி எழுதி, சோதனைகளைத் தானாக உண்டாக்க வழி தேடினார்கள். 'ஃபிக்ஸ் ஆர்கெஸ்ட்ரா' என்ற தர வரையறை அப்படி வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் இயந்திரம் எழுதிக்கொடுத்ததைத்தான் சோதிக்கும். எழுத மறந்ததைக் கேட்க மனிதர் வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நேற்று பாஸான மென்பொருளில் இன்று ஒரு வரி மாறினாலும், நேற்றைய முத்திரை இன்றைக்குச் செல்லாது. "சின்ன மாற்றம்தான், விட்டுடு" என்று மேலதிகாரி சொன்னால், மரியாதையாக, ஆனால் உறுதியாக, முடியாது என்று சொல்லுங்கள். அடுத்த பக்கம் யாரோ ஒருவரின் ஓய்வுக்காலச் சேமிப்பு இருக்கிறது.

பெரியவர்களுக்கு: ஆல்கோ வைத்து லாபம் சம்பாதித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் நிதானியுங்கள். செபி 2025 பிப்ரவரியில் இதற்கும் விதிகள் வெளியிட்டு, ஆல்கோ தருபவர்கள் சந்தையின் பட்டியலில் இடம் பெற வேண்டும் என்றது. ஆனால் பட்டியலில் இருப்பது லாபத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

டெஸ்டிங்கில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி இனிமேல் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள்.