எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள்?

(பழைய மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



மூன்று மாதம் முன்னால் நம் புகைப்பட மன்றத்துச் செயலாளர், இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி, எனக்கு ஃபோன் பண்ணினார். "சார், மன்றத்து பீரோவில் இரண்டு நிக்கான் எஃப்எம் 10 இருக்கு. நன்றாகவே வேலை செய்கிறது. உங்க செட் ஒரு தொகை கொடுத்திருக்கீங்க. அதில் ஒரு பழைய டெலி லென்ஸ் வாங்கலாம்னு இருக்கோம். 135 எஃப் 2 வாங்கலாமா, 180 எஃப் 2.8 வாங்கலாமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி போட்டேன்: "எந்த நாற்காலியில் உட்காரப் போறேம்மா?" பாவம், அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கிழத்துக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கலாம்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அதற்கு 1984க்குப் போக வேண்டும்.

அப்போது நான் இங்கே பி.எஸ்ஸி. படித்துக் கொண்டிருந்தேன். எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். என் அக்கா ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம் கற்றவள். அந்த வருடம் அவளுக்கு அரங்கேற்றம். அப்பா ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க். ஹால் வாடகை, பக்க வாத்தியம், உடை, நகை, எல்லோருக்கும் வேஷ்டி புடவை என்று கணக்குப் போட்டதில் அம்மாவின் இரட்டை வடம் அடகுக் கடைக்குப் போயிற்று. ஃபோட்டோகிராபருக்குப் பணம் மிச்சமில்லை. "நம்ம பையன் இருக்கானே, காலேஜ்ல அதுக்குத்தானே கேமராவைத் தூக்கிண்டு அலையறான்?" என்றார் அப்பா. பெருமையாகத்தான் சொன்னார்.

மன்றத்தில் அப்போது இருந்தது ஒரு பென்டாக்ஸ் கே 1000, கூட ஒரு 50 மி.மீ. லென்ஸ். டியூஷன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் நான் ஒரு 200 மி.மீ. எஃப் 4 லென்ஸ் வாங்கினேன், செகண்ட் ஹேண்டில். என் கணக்கு ரொம்ப எளிமை: 200 பெரியது, அதனால் நல்லது. பெரிய லென்ஸ்காரன் தூரத்தில்தான் நிற்க வேண்டும் என்று ஹாலின் கடைசியில் ஸ்டாண்டு போட்டேன். நாட்டிய வாத்தியார் ஃப்ளாஷ் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கையில் கிடைத்தது 100 ஏ.எஸ்.ஏ. கலர் ஃபிலிம். கேமரா மீட்டர் காட்டிய வேகம் விநாடியில் எட்டில் ஒரு பங்கு.

36 படம். பிரிண்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். மேடை ஓரத்தில் பூ சாத்தி வைத்திருந்த நடராஜர் விக்ரகம் ஒவ்வொரு படத்திலும் அற்புதமாக வந்திருந்தது. ஆடிய அக்கா மட்டும் சாம்பிராணிப் புகை மாதிரி இருந்தாள். தாண்டவம் ஆடுகிற சாமி அசையவில்லை. என் அக்கா அசைந்துவிட்டாள். அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, நடராஜர் நன்னா வந்திருக்கார்" என்றார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடம் கல்யாணமாகி வடக்கே போனாள். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவில்லை. ஏறிய ஒரே மேடைக்கு ஒழுங்கான ஒரு படம் கிடையாது.

அந்த லென்ஸை மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கேமரா ரிப்பேர்க்காரரிடம் கொண்டு போனேன். அவர் ஒரு டார்ச்சை அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்திக் கூடு மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, நீ லென்ஸ் வாங்கல, நம்பர் வாங்கிக்கினு வந்துட்ட" என்றார். கல்லூரியில் மூன்று வருடம் படித்த ஒளியியலைவிட அந்த ஒரு வார்த்தை எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் கணக்கு, தூரம். 35 மி.மீ. ஃபிலிமில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, ஆடுகிறவரைத் தலை முதல் கால்வரை, மேலே கீழே கொஞ்சம் இடம் விட்டு எடுக்க எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? லென்ஸின் மி.மீ. எண்ணை 5ஆல் வகுங்கள். வருவது அடிக்கணக்கு. 85க்கு 17 அடி, 105க்கு 21, 135க்கு 27, 180க்கு 36, 200க்கு 40 அடி. அந்தத் தூரத்தில் சுமார் 7 அடி உயரம் படத்துக்குள் அடங்கும். அதனால்தான் நாற்காலியைக் கேட்டேன். நாற்காலி தெரிந்தால் லென்ஸ் தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது கணக்கு, வெளிச்சம். குவி தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயிலின் அகலம். எஃப் 4லிருந்து 2.8க்கு வந்தால் ஒளி இரண்டு மடங்கு, 2.8லிருந்து 2க்கு வந்தால் இன்னொரு இரண்டு மடங்கு. இப்படித் திறந்த லென்ஸைத்தான் வேகமான லென்ஸ் என்கிறோம். நம் ஊர் சபா மேடைகளில் 400 ஃபிலிமுக்கு எஃப் 2.8ல் பெரும்பாலும் 1/60 விநாடி கிடைக்கும். ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் அதிக நேரம் போட்டால் 1/250. கையில் பிடித்து எடுக்க, குவி தூரம் எவ்வளவோ ஏறக்குறைய அத்தனையில் ஒரு பங்கு விநாடி வேண்டும் என்பது பழைய விதி. 105க்கு 1/125 போதும். 200க்கு 1/250 வேண்டும். அதில் எஃப் 4 என்றால் வெளிச்சமும் பாதி. இரண்டு பக்கமும் இடி, மத்தளம் மாதிரி.

ஆனால் ஸ்டாண்டு போட்டால் உங்கள் கை நடுக்கம்தான் நிற்கும், ஆடுகிறவர் நிற்க மாட்டார். அதற்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும். தீர்மானம் முடிந்து அரைமண்டியில் நிற்கிற அந்த ஒரு நொடி, பதத்தில் முகம் ஒரு பாவத்தில் தங்குகிற இடம், அங்கேதான் பட்டனை அழுத்த வேண்டும். தாளம் தெரியாதவனுக்கு எந்த லென்ஸும் உதவாது.

மூன்றாவது, பலர் யோசிக்காதது. கையால் ஃபோகஸ் செய்கிற கேமராவில் லென்ஸ் முழுவதும் திறந்திருக்கும்போதுதான் நீங்கள் உள்ளே பார்க்கிறீர்கள். எஃப் 2.5 லென்ஸ் போட்டால் வியூஃபைண்டர் பளிச்சென்று இருக்கும். எஃப் 4, 5.6 என்று போகப் போக இருட்டு. நடுவில் இரண்டாகப் பிரிந்து தெரியும் வட்டத்தில் ஒரு பாதி கறுத்தே போகும். ஆக, வேகமான லென்ஸ் ஃபிலிமுக்கு மட்டுமல்ல, உங்கள் கண்ணுக்கும் விளக்கு.

அப்படியானால் எஃப் 2 வாங்கிவிட வேண்டியதுதானே? அங்கேயும் ஒரு விலை இருக்கிறது. 135 எஃப் 2ஐ முழுவதும் திறந்து 16 அடியில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் அரை அடி. மூக்குத்தி தெளிவாக இருக்கும், நீட்டிய கை போய்விடும். 105 எஃப் 2.5ல் அதே தூரத்தில் ஓர் அடிக்கு மேல் கிடைக்கும். எடையும் பாருங்கள். 135 எஃப் 2, 180 எஃப் 2.8 இரண்டுமே முக்கால் கிலோவுக்கு மேல். 105 அரை கிலோவுக்குக் குறைவு. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் அது தோளுக்குத் தெரியும்.

180ஐக் குறை சொல்லவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி ஸைஸ் கம்பெனி செய்த 180 எஃப் 2.8 சோனார் விளையாட்டுப் படக் கலையையே மாற்றியது. மைதானத்துக்கு அது ராஜா. ஆனால் பங்குனியில் அறுபத்து மூவர் அன்றைக்கு மாட வீதியில் அதை எடுத்துப் பாருங்கள். 36 அடி தள்ளி நின்றால் உங்களுக்கும் பல்லக்குக்கும் நடுவில் நூறு தலை, நூறு செல்ஃபோன். கூட்டத்தில் கிட்டே போகிறவனுக்குத்தான் படம்.

105 எஃப் 2.5 ஒன்றும் சாதாரண லென்ஸ் இல்லை. 1950களிலேயே நிக்கான் செய்யத் தொடங்கியது. 1971ல் உள் அமைப்பை மாற்றினார்கள். 1984ல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த அந்தப் பச்சைக் கண் ஆப்கான் சிறுமியின் படம் இதில் எடுத்ததுதான். நான் சாம்பிராணிப் புகை எடுத்த அதே வருடம்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. உங்கள் எஃப்எம் 10ல் 1977க்கு முந்தைய பழைய மவுண்ட் லென்ஸ் பொருந்தாது. பலவந்தம் செய்தால் கேமரா கெடும். ஏஐ லென்ஸா என்று பார்க்க, அபர்ச்சர் வளையத்தில் பெரிய எண்களுக்குக் கீழே சிறிய எண்கள் இன்னொரு வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசு இருந்தால் பரவாயில்லை. நூல் நூலாகப் பூஞ்சை, பால் படர்ந்தாற்போல் மங்கல், ஓரத்தில் வானவில் நிறம் இருந்தால் வேண்டாம். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருக்கக்கூடாது, சட்டென்று மூட வேண்டும். ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். லொடலொட என்றாலும் தப்பு, முக்கி முக்கித் திருப்ப வேண்டியிருந்தாலும் தப்பு.

வாங்கிய பிறகு எதிரி நம் ஊர்க் காற்று. ஐப்பசி கார்த்திகை மழையில் மயிலாப்பூர் வீடுகளில் உப்பே தண்ணீராகிறது, லென்ஸ் என்ன செய்யும்? தோல் உறையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் ரோஸ் ஆனால் சூடு காட்டி மறுபடி நீலமாக்குங்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்துப் படம் பிடிப்பது.

இந்த மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடில், அதாவது இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், மா. கிருஷ்ணன் என்று ஒருவர் வாழ்ந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டுயிர் எழுத்தாளர், 1970ல் பத்மஸ்ரீ பெற்றவர், 1996ல் காலமானார். வெவ்வேறு பாகங்களை ஒட்டுப் போட்டுத் தனக்கென்று ஒரு கேமரா கட்டி வைத்திருந்தார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்தார். அதை வைத்துக்கொண்டு அவர் எடுத்த யானைப் படங்களைப் பாருங்கள். எங்கே நிற்கப் போகிறோம், எதை எடுக்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கருவி அதற்குப் பிறகு வந்தது.

என் கதையை முடித்து விடுகிறேன். 1991ல், பாங்கு வேலை கிடைத்த பிறகு, ஒரு நிக்கான் எஃப்எம்மும் இந்த 105ம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டார்ச் அடித்துப் பார்த்துத்தான். புது லென்ஸின் வளையம் கைக்குப் பழகச் சில மாதம் ஆயிற்று. 2009ல் தி. நகரில் ஒரு சபாவில் அக்காவின் பெண்ணுக்கு அரங்கேற்றம். மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். 1600 வைத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம், எஃப் 2.5, 1/250. முப்பதுக்கு மேல் நல்ல படம் தேறியது.

தில்லானா நடக்கும்போது எதற்கோ திரும்பினேன். அக்கா அதே வரிசையில் மறு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் மேடையில். மடியில் இரண்டு கையும் தன்னை அறியாமல் முத்திரை பிடித்துக்கொண்டிருந்தன. மேடை வெளிச்சம் முகத்தில் பாதிதான் விழுந்தது. வேகத்தை 1/60க்கு இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தேன். இம்முறை அசையாமல் வந்தாள். அதைப் பெரிதாக்கிக் கொடுத்தபோது அக்கா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இருபத்தஞ்சு வருஷம் லேட்டுடா." அது இப்போது அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

ஆகவே, மன்றத்து இளைஞர்களே, போன வாரம் நாம் சேர்ந்து இந்த அரங்கை அடி வைத்து அளந்தோம். உங்களுக்கு அனுமதி உள்ள பக்கவாட்டு வரிசையிலிருந்து மேடை நடுவுக்கு 22 அடி. கணக்கு நீங்களே போட்டுவிட்டீர்கள். 105 எஃப் 2.5 வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஃபிலிமும் ஒரு நல்ல டப்பாவும் வாங்குங்கள். அடையாறு முகத்துவாரத்துப் பறவைக்கு இது போதாது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாம் செய்கிற லென்ஸ் என்று ஒன்று கிடையாது. பிற்பாடு கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா வந்தாலும் ஓர் அடாப்டரில் இதே லென்ஸைப் பூட்டிக்கொள்ளலாம். வீண் போகாது.

என் லென்ஸைக் கேட்காதீர்கள், தர மாட்டேன். தூக்கிப் பார்க்கலாம், வெளியே பையில் இருக்கிறது. ஆனால் என் வயதுப் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில், சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாரோ கொண்டு வந்த ஒரு லென்ஸ் தூங்கிக் கொண்டிருக்கும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு அதைப் பாருங்கள். பூஞ்சை இல்லையென்றால் நம் மன்றத்துக்குக் கொண்டு வாருங்கள். பூஞ்சை இருந்தாலும் கொண்டு வாருங்கள். எது பூஞ்சை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.