திரையில் மட்டும் வில்லன்: எம்.என். நம்பியார் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை



நம்பியார்னு பேரைச் சொன்னதுமே உங்க முகத்துல ஒரு சிரிப்பு வருது பாருங்க. ரெண்டு கையையும் பிசைஞ்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஓரக்கண்ணால ஒரு பார்வை பார்ப்பாரே, அதுதான் ஞாபகம் வரும். ஊர்ல எவனாவது சூழ்ச்சி பண்ணினா இன்னைக்கும் "இவன் பெரிய நம்பியார்"னு சொல்றோம். ஒரு நடிகருடைய பேர், ஒரு குணத்துக்கே பேரா மாறிப்போச்சு. அந்தப் பேருக்குப் பின்னால இருந்த மனிதர் யார்?

மஞ்சேரி நாராயணன் நம்பியார். 1919 மார்ச் 7 அன்று கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயசுலயே அப்பாவைப் பறிகொடுத்தார். சொந்தக்காரங்களை நம்பி ஊட்டிக்கு வந்தார். அங்கிருந்து நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனி. பாய்ஸ் கம்பெனின்னா என்னன்னு பெரியவங்களுக்குத் தெரியும். எந்த வேஷம் கொடுத்தாலும் போடணும், "எனக்கு ராஜா வேஷம்தான் வேணும்"னு அடம் பிடிக்க முடியாது. அந்தப் பள்ளிக்கூடம்தான் அவரைச் செதுக்கியது. 1935-ல் வந்த 'பக்த ராமதாஸ்' அவருடைய முதல் படம்.

1950-ம் வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ரெண்டு படங்கள். 'திகம்பர சாமியார்' படத்துல நம்பியார்தான் கதாநாயகன். ஒரே படத்துல பல மாறுவேடங்கள் போட்டு அசத்தினார். அதே வருஷம் கலைஞர் வசனம் எழுதிய 'மந்திரி குமாரி'. அதுல எம்.ஜி.ஆர். தளபதி, நம்பியார் ராஜகுரு. எம்.ஜி.ஆரை விட ரெண்டு வயசு இளையவர், அப்போ அவருக்கு 31 வயசுதான். வளர்ந்த மகனுக்கு அப்பாவா, சதிகாரக் கிழவரா வந்து நின்னார். நாயகன் வழியும் திறந்திருந்தது, வில்லன் வழியும் திறந்திருந்தது. ஜனங்க மனசுல ஆழமா உட்கார்ந்தது வில்லன்தான். அவரும் அதைத் தயங்காம ஏத்துக்கிட்டார்.

1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'யை எடுத்துக்குங்க. கஜேந்திரனா வர்ற நம்பியார், அப்பாவி ராமுவைச் சாட்டையால அடிப்பார். பார்க்கிறவங்க வயிறு எரியும். அப்புறம் இளங்கோ வந்து அதே சாட்டையைக் கையில எடுக்கிறப்போ தியேட்டரே எழுந்து நின்னுச்சு. முதல் பாதியில நம்பியார் அவ்வளவு பயத்தைக் கொடுத்ததாலதான், அடுத்த பாதியில அந்தச் சாட்டைக்கு அவ்வளவு கைதட்டல். அதே வருஷம் 'ஆயிரத்தில் ஒருவன்'ல கடற்கொள்ளையர் தலைவன். அங்கேயும் அதே கதை. எதிரி உயரமா இருந்தாத்தான் நாயகன் உயரமாத் தெரிவான்.

1977-ல் எம்.ஜி.ஆர். இந்த மாநிலத்துக்கு முதலமைச்சர் ஆனார். ஏழைக்காகக் கை ஓங்குவார்ங்கிற அந்த நம்பிக்கை திரையில பல வருஷமா வளர்ந்தது. அதை வளர்க்க, படத்துக்குப் படம் அடி வாங்கிக் கீழே விழுந்தவர்கள்ல முக்கியமானவர் நம்பியார். கைதட்டல் ஒருத்தருக்கு, சாபம் இன்னொருத்தருக்கு. தியேட்டர்ல தாய்மார்கள் மண்ணை வாரித் தூத்தாத குறைதான்! அந்தச் சாபத்தைத்தான் அவர் தன் நடிப்புக்குக் கிடைச்ச கூலியா வாங்கிக்கிட்டார்.

திரைக்கு வெளியே பார்த்தா, குடிப்பழக்கம் கிடையாது. சுத்த சைவம். அறுபது வருஷத்துக்கும் மேல சபரிமலைக்கு மாலை போட்டவர். படத்துல கொலைக்குத் திட்டம் போட்ட அதே மனுஷனைக் குருசாமியா ஏத்துக்கிட்டு, அவர் பின்னாடி எத்தனையோ பேர் இருமுடி கட்டி மலை ஏறினாங்க.

வில்லன் வேஷம்னா ஒரே மாதிரி உறுமிட்டுப் போனவரும் இல்ல. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை'யில வயசான ஜமீன்தாரா வந்து குலை நடுங்க வெச்சார். 'தில்லானா மோகனாம்பாள்'ல மதன்பூர் மகாராஜாவா வந்தப்போ சத்தமே போடாம மிரட்டினார். 1982-ல் பாக்யராஜ் 'தூறல் நின்னு போச்சு'ல அவரை நல்ல மனசுக்காரரா காட்டினார். அதே ஜனங்க அந்த நம்பியாரையும் அப்படியே கொண்டாடினாங்க. 2008 நவம்பர் 19 அன்று, 89 வயசுல அவர் மறைஞ்சப்போ யாரும் ஒரு வில்லனுக்காக அழல. ஒரு நல்ல மனுஷனுக்காகத்தான் அழுதாங்க.

இணையத்துல இரவு பகலா எழுதுற நம்ம தம்பி, தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். இன்னைக்கு ஒரு போன் இருந்தாப் போதும், யாருக்கு வேணும்னாலும் நம்பியார் வேஷம் போட்டு விட்டுடலாம். முப்பது நொடி வீடியோவை வெட்டி ஒட்டி, ஒரு பின்னணி இசையைச் சேர்த்தா முடிஞ்சது. ஆனா நம்பியார் தானா ஒத்துக்கிட்டு, சம்பளம் வாங்கிக்கிட்டு அந்த வேஷத்தைப் போட்டார். ஷூட்டிங் முடிஞ்சதும் மேக்கப்பைக் கலைச்சுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனார். நாம போடுற வேஷத்தை எதிர்ல இருக்கிறவர் கலைக்க முடியாது. அது அவர் குடும்பம் வரைக்கும் போகும், அவர் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் வரைக்கும் போகும்.

எதிர்க்க வேண்டிய கொள்கையை எதிர்ப்போம். தப்பான ஆணையைத் தப்புன்னு ஆதாரத்தோட எழுதுவோம். அதுல ஒரு துளிகூடக் குறைய வேண்டாம். ஆனா எதிர்த் தரப்புல நிக்கிறவரோட வீட்டையும் பிறப்பையும் தோற்றத்தையும் இழுக்காதீங்க. வலுவான வாதத்தை வலுவான வாதத்தால வெல்லுறதுதான் நமக்குப் பெருமை. எதிரியை அசிங்கப்படுத்தி ஜெயிச்சா, ஜெயிச்சவனும் குட்டையாத்தான் தெரிவான்.

அந்தப் பெருங்கலைஞனுக்கு நம் நெஞ்சார்ந்த புகழஞ்சலி.