அகத்துறிஞ்சலும் புறத்துறிஞ்சலும்



‘உறிஞ்சுதல்’ என்னும் ஒரே சொல்லால் இருவேறு நிகழ்வுகளைக் குறிக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு. அம்மோனியா வாயு நீரில் கரைந்து நீர் முழுதும் பரவுகிறது, இஃது அகத்துறிஞ்சல். கரியின் நுண்துளைச் சுவர்களில் வாயு மூலக்கூறுகள் ஒட்டி நிற்கின்றன, இது புறத்துறிஞ்சல். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பின்னதைப் பரப்புக் கவர்தல் என்கின்றன. இவ்வேறுபாடு ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் அளவீட்டைச் சான்றாகக் காட்ட விழைகிறேன்.

செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவுநீரிலிருந்து பெறப்படும் உயிரிவாயுவில் மீத்தேனும் கரியமில வாயுவும் கலந்திருக்கும். மீத்தேனைத் தூய எரிபொருளாக்கக் கரியமில வாயுவை நீக்க வேண்டும். அதற்கு ஒரு கரி ஏற்றதா என்பதை வாயு நிறப்பிரிகை முறையில் அறியலாம். கரித்துகள் நிரப்பிய குழாயில் முதலில் ஹீலியத்தைச் செலுத்துவர். பின்னர் ஹீலியத்தோடு அவ்விரு வாயுக்களும் சேர்ந்த கலவையைச் சீராகச் செலுத்தி, மறுமுனையில் வெளிவருவதை உணர்கருவியால் பதிவு செய்வர். முதலில் மீத்தேன் வெளிப்படும். கரியமில வாயு தாமதித்தே வரும். இறுதியில், உட்செல்வதும் வெளிவருவதும் ஒன்றாகிவிடும். அதுவரை உட்சென்ற ஒவ்வொரு வாயுவின் அளவிலிருந்தும், வெளிவந்த அளவையும் வெற்றிடைவெளிகளில் தங்கிய அளவையும் கழித்தால், கரியின் பரப்பு பற்றிய அளவு கிடைக்கும்.

இடையே ஒரு கட்டத்தில், வெளிவரும் மீத்தேனின் அளவு உட்செல்லும் அளவையும் மிஞ்சக் காணலாம். ‘உறிஞ்சுதல்’ என்று மட்டும் கற்ற மாணவர் இதனைக் கருவிப் பிழை என்றே கருதுவார். புறத்துறிஞ்சல் எனக் கற்றவரோ காரணத்தை உய்த்துணர்வார். பரப்பில் உள்ள இடம் எல்லைக்குட்பட்டது. வலுவாக ஒட்டும் கரியமில வாயு, முன்னரே அமர்ந்திருந்த மீத்தேனைப் பெயர்த்து வெளியேற்றுகிறது. ஆதலால், வாயுக்களைத் தனித்தனியே அளந்து கூட்டினால் கலவையின் இயல்பு விளங்காது. கலவையையே அளத்தல் வேண்டும்.

நிறப்பிரிகை என்னும் பெயரும் சிந்திக்கத்தக்கது. ருசியத் தாவரவியலாளர் மிகயில் ஸ்வெட் தாவர நிறமிகளைப் பிரித்து, 1906இல் இம்முறைக்கு இட்ட பெயரின் வழிவந்தது அது. மேற்சொன்ன வாயுக்களுக்கோ நிறமே இல்லை. இத்தகைய பெயரை அதன் வரலாற்றோடு கற்பித்தால் போதும், மாற்ற வேண்டியதில்லை. ஆனால், காரணத்தை உள்ளடக்கிய சொல்லை நெகிழவிடலாகாது.

அகம், புறம் என்னும் பாகுபாட்டை நம் மாணவர் இலக்கிய வகுப்பிலேயே அறிந்திருக்கின்றனர். அறிவியல் வகுப்பிலும் ஆசிரியப் பெருமக்கள் அதனை எடுத்தாள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.