அந்தக் கொடியைப் பிடுங்க வேண்டாம்

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன மாதம் நம்ம பையன் ஒருத்தன் ஓடி வந்து, "ஐயா, சிங்கராஜ காட்டுல மட்டும் இருக்கிற வண்ணத்துப்பூச்சி லயத்துக்குப் பின்னால நிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது இல்லை. ஆனால் நின்றதும் லேசுப்பட்டதல்ல.

இரண்டுமே இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அவன் சொன்னது இலங்கை ரோஜா. உடம்பு சிவப்பு, பின் இறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பொட்டும், வாலும் உண்டு. தாழ்நிலத்து மழைக்காட்டை விட்டு வராது. காடு குறையக் குறைய அதுவும் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. லயத்துப் பக்கம் நின்றது பறவைச் சிறகன். நாட்டிலேயே பெரியது, விரித்தால் ஆறு அங்குலம் வரும். முன் இறக்கை கறுப்பு, பின் இறக்கை தங்க மஞ்சள், வால் இல்லை. இது மலைநாட்டுக்கும் வரும்.

இரண்டின் புழுவும் ஆடுதீண்டாப்பாளைக் குடும்பத்துச் செடியைத்தான் தின்னும். சிங்களத்தில் சப்சந்த என்பார்கள். வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். அந்த இலையில் விஷம். புழு அதை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் குருவி கிட்ட வராது. வேலியில் புல்லு வெட்டுறவங்க அந்தக் கொடியைப் பிடுங்கினால் பூச்சியும் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லணும். பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் அந்த வேரை அவித்துக் குடிக்கிற பழக்கம் பெரியவங்களிடம் உண்டு. தயவு செய்து வேண்டாம். அதே விஷம் மனிதனின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். 1990களின் ஆரம்பத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அந்த மருந்தில் கலந்திருந்தது இந்த இனத்துச் செடிதான். பாம்பு கடித்தால் நேரே ஆஸ்பத்திரி.

பிள்ளைகளே, பூச்சி பிடித்துத் தந்தால் காசு தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீங்க. 2024 மே மாதம் யாலவில் இத்தாலிக்காரர் இரண்டு பேர், அப்பாவும் மகனும், பிடிபட்டார்கள். 92 வகை வண்ணத்துப்பூச்சி உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகள் போத்தல்களில் இருந்தன. அந்த செப்டம்பரில் தண்டம் 6 கோடி ரூபாய்! அவர்களிடம் கட்டக் காசு இருந்திருக்கும். நம்மிடம்?

கொடி நிற்கிற இடத்தில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். புல்லுவெட்டுக் கங்காணியிடமும் சொல்லியாச்சு.