கனடா என்றால் பனி மட்டும்தானா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் கனடாவைப் ‘பனி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அந்த நாட்டு விஞ்ஞானிகள் 1995-இல் நிலத்தை மட்டும் 15 சூழல் மண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். தெற்கே ஒசோயூஸ் பக்கம் போய்ப் பாருங்கள், கள்ளிச்செடி முளைத்துக் கிடக்கும்! எல்லாம் பனிதானே என்று விட்டால், எந்த நிலம் சாகிறது என்று எப்படி ஐயா தெரியும்?

நடுவே புல்வெளி. காட்டெருமை கூட்டங்கூட்டமாய் மேய்ந்த மண்ணய்யா அது! 1880களுக்குள் வேட்டையாடியே தீர்த்தார்கள். அதை நம்பியிருந்த பூர்வகுடிகள் பட்டினி கிடந்தார்கள். பிறகு கோதுமைக்காக உழுதார்கள். பழைய புல் பெரும்பகுதி போயே போச்சு.

வடக்கே, துந்திராவில் மண்ணுக்குள்ளேயே உறைபனி. இப்போது அது இளகுகிறது. டக்டோயாக்டக் கிராமத்தில் கடல் கரையை அரித்துத் தின்ன, 2020-இல் சில வீடுகளை அப்படியே பெயர்த்து உள்ளே நகர்த்தினார்கள்!