கொத்சு சாப்பிடப் போகிற வழியில்

ஆரோவில்லுக்கு வெளிநாட்டு மாணவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். மரபுசாரா எரிசக்தி படிக்கிற பிள்ளைகள். அங்கே சமையற்கூடத்து மாடியில் 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு கிண்ணம், உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி அதில் சோறு பொங்குகிறார்கள். அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு, பாண்டிச்சேரியையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் தெற்கே வந்தால் எங்கள் கடலூர். அந்தப் பிள்ளைகளை ஒருநாள் என்னிடம் விட்டால் என்ன?

சில்வர் பீச் நீங்களே காட்டிவிடுவீர்கள். நான் நேரே முதுநகர் துறைமுகத்துப் பக்கம் கூட்டிப்போவேன். மணலில் வலையை விரித்து நெத்திலியைப் பரப்பியிருப்பார்கள். ஓர் ஆயா கையில் குச்சியோடு உட்கார்ந்து காக்கை விரட்டுவார். மதியம் ஒரு தரம் கிளறிவிடுவார். மூலதனம் உப்பும் வெயிலும்தான். இதுவும் சூரியசக்தி, எழுதிக்கொள்ளுங்கள் தம்பிகளா என்பேன்.

நெய்வேலியும் இந்த மாவட்டம்தானே. 1956-ல் தொடங்கிய, பழுப்பு நிலக்கரி தோண்டுகிற நிறுவனமே அங்கே சூரிய மின்தகடுகளும் பதித்திருக்கிறது. 10 மெகாவாட்டில் தொடங்கி நூறைத் தாண்டியாயிற்று. சரி, அது எல்லோரும் காட்டுகிற இடம். நமக்கு மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் போய்ச் சேரவேண்டும். திருப்பாப்புலியூரில் பாசஞ்சர் ஏறுவோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்... பரங்கிப்பேட்டை! இங்கே இறங்காமல் எப்படிப் போவது?

வெள்ளாறு கடலில் சேருகிற ஊர். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இங்கே இரும்பாலை தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர். தாது, சேலத்து மலையிலிருந்து. உலைக்கு மரக்கரி. அன்றைக்கு இந்தப் பக்கம் யாரும் நிலக்கரி தோண்டவில்லை, விறகுதானே கதி? சுற்றுவட்டாரக் காட்டை வெட்டி வெட்டிக் கரி சுட்டார்கள். ஒரு மரம் வளர எத்தனை வருஷம், உலைக்குள் போய்ச் சாம்பலாக எத்தனை நேரம்? பக்கத்துக் காடு தேய, கரி தூரத்திலிருந்து வர ஆரம்பித்தது, கடனும் ஏறியது. மரம் திரும்ப முளைக்கும்தான், உலை காத்திருக்காதே! 1860-களில் ஆலையே மூடிப்போயிற்று.

ஹீத் கதை இன்னும் சோகம். இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கிற முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்ட் ஊரில் எஃகு மலிவானது, தரமானது. ஆனால் ஆலைக்காரர்கள் செய்முறையைக் கொஞ்சம் மாற்றி, "இது உங்கள் முறை இல்லை" என்று கைவிரித்துவிட்டார்கள். வழக்கு, வழக்கு, வழக்கு. 1851-ல் செத்துப்போனார், வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது. மின்தகடு செய்கிற கம்பெனிகள் இன்றைக்குக் காப்புரிமைக்காக அடித்துக்கொள்கின்றன என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர் ஞாபகம்தான்.

அட, மணி என்ன? ரயிலை விட்டாயிற்று. முட்லூர் போய் பஸ் பிடிக்கவேண்டும்.

சிதம்பரம் வட்டாரத்து அரிசி ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். நெல்லை அவிக்க, அந்த நெல்லின் உமியையே எரிக்கிறார்கள். இதையும் மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் இலை போட்ட பிறகு நோட்டை மூடிவிடவேண்டும். சம்பா சாதம் மிளகு சீரகம் நெய்யோடு வரும். கூடவே கொத்சு: கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்துவிட்டு, வறுத்த தனியாவும் மிளகாயும் பொடித்துப் போட்டு, நல்லெண்ணெய் மேலே மிதக்க மிதக்க இறக்கியது. நடராஜருக்கே இதுதான் நைவேத்தியம். யாராவது சாம்பார் வாளியோடு வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்!